நிலம் பகிர்ந்த நாட்டில் ஏன் கிளர்ச்சி? மெக்சிகோவின் சியாபாஸ் கதை

கேள்வி இது: "1917லேயே அரசியல் சட்டத்தில் எழுதிவைத்து நிலச்சீர்திருத்தம் செய்த நாடு மெக்சிகோ. அப்படியிருக்க 1994ல் சியாபாஸ் மாநிலத்துப் பழங்குடி விவசாயிகள் ஏன் துப்பாக்கி தூக்கினார்கள்? நிலம் அவர்களுக்குப் போய்ச் சேரவே இல்லையா?"

போய்ச் சேர்ந்தது, ஆனால் தாமதமாக, குறைவாக, பெரும்பாலும் பண்ணையார் வேண்டாமென்று விட்ட இடமாக. அதை மட்டும் காரணமாகச் சொன்னால் கதை பாதிதான். நிலமில்லாத கிராமங்கள் சியாபாஸில் 1950லும் இருந்தன, 1970லும் இருந்தன. அப்போதெல்லாம் வராத போர் 1994ல் ஏன் வந்தது? என் பார்வையில், மெக்சிகோ அரசைக் கிராமங்களில் தாங்கி நின்றதில் கொடுத்த நிலத்தைவிடக் கொடுக்கப்போவதாகச் சொன்ன நிலத்துக்குப் பங்கு அதிகம். மனு போட்டவன் காத்திருப்பான், காத்திருப்பவன் கலகம் செய்யத் தயங்குவான். 1992ல் அரசே அந்த மனுப் பெட்டியை இழுத்து மூடியது.

முதலில் சட்டம் எப்படி வந்தது என்று பார்ப்போம். தலைநகருக்குத் தெற்கே மொரேலோஸ் மாநிலத்தில் கரும்புப் பண்ணைகள் கிராமங்களின் பொது நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கின. அனெனெகுயில்கோ என்ற ஊரின் தலைவராக இருந்த எமிலியானோ ஜபாட்டா, மெக்சிகோ புரட்சியின் நடுவே, 1911 நவம்பரில் அயாலா திட்டத்தை அறிவித்தார். பறித்த நிலத்தைக் கிராமங்களுக்குத் திருப்பிக் கொடு, பெரும்பண்ணைகளில் மூன்றில் ஒரு பங்கை நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடு என்பது அதன் சாரம். ஜபாட்டாவை 1919 ஏப்ரல் 10 அன்று சினமேக்கா பண்ணையில் வஞ்சகமாகச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் அதற்கு முன்பே, அவருடைய எதிரிகள் 1917ல் எழுதிய அரசியல் சட்டத்தின் 27வது பிரிவில் அவருடைய கோரிக்கை நுழைந்துவிட்டது. நாட்டின் நிலமும் நீரும் மூலத்தில் தேசத்துக்குச் சொந்தம், தேவையுள்ள கிராமத்துக்கு அரசு நிலம் எடுத்துத் தர வேண்டும் என்றது அந்தப் பிரிவு.

இப்படிக் கொடுத்த நிலத்துக்கு எஹீதோ என்று பெயர். நிலம் ஊரின் பேரில் இருக்கும். ஒவ்வொரு குடும்பமும் தன் பங்கில் உழுது சாப்பிடலாம். விற்கவோ, குத்தகைக்கு விடவோ, அடமானம் வைக்கவோ கூடாது. தொடர்ந்து இரண்டு வருஷம் தரிசாகப் போட்டால் பங்கு கைவிட்டுப் போகும். இறந்தால் உரிமை ஒரே ஒரு வாரிசுக்குத்தான். இந்தக் கடைசி விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நிலம் வாங்கும் வழிதான் இன்னும் சுவாரசியம். ஊர்க்காரர்கள் கூடி மனு எழுத வேண்டும். ஊரைச் சுற்றி 7 கிலோமீட்டருக்குள் இருக்கும் பண்ணைகளில்தான் கை வைக்கலாம். மனு ஆளுநரிடம் போகும், அவர் தற்காலிகமாகக் கொடுப்பார் அல்லது தட்டிக்கழிப்பார். அப்புறம் தலைநகர், அதிபரின் கையெழுத்து. கையெழுத்தானபின் சர்வேயர் வந்து எல்லைக்கல் நடவேண்டும். அதிபர் கையெழுத்துப் போட்ட நிலம் ஊர்க்காரர் கைக்கு வரப் பத்து, இருபது வருஷம் ஆனது சாதாரணம். இடையில் பண்ணையார் நீதிமன்றம் போவார், நிலத்தை மகன், மருமகன், மைத்துனன் பேரில் பினாமியாகப் பிரித்து எழுதுவார். நம் ஊரில் உச்சவரம்புச் சட்டம் வந்தபோது நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

இந்த மனுக்களைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க ஆளும் கட்சியின் விவசாயிகள் சம்மேளனம் இருந்தது. 1938ல் தொடங்கியது. அந்தக் கட்சி 1929 முதல் 2000 வரை ஆட்சியை விடாமல் வைத்திருந்ததில் இந்த மனு அரசியலுக்குப் பெரிய பங்கு உண்டு. ஊர் முழுக்க ஒரே சின்னத்தில் ஓட்டுப் போட்டால் கோப்பு நகரும்.

இதை வெறும் ஏமாற்று என்று சொல்லிவிடவும் முடியாது. லாசரோ கார்தெனாஸ் அதிபராக இருந்த 1934-40 காலத்தில் ஏறக்குறைய 1.8 கோடி ஹெக்டேர் நிலம் கைமாறியது. ஒரு ஹெக்டேர் என்றால் சுமார் இரண்டரை ஏக்கர். 1992 வரை மொத்தமாகப் பார்த்தால் நாட்டின் பரப்பில் கிட்டத்தட்ட பாதி எஹீதோக்களிடமும் பழங்குடி சமூகங்களிடமும் வந்திருந்தது. அதில் மலை, காடு, மேய்ச்சல், பாறை எல்லாம் சேர்த்தி என்பது உண்மைதான். ஆனாலும் இந்தியாவில் எந்த மாநிலமும் கனவுகூடக் காணாத அளவு அது.

சியாபாஸ் இந்தக் கணக்கில் ஓர் ஓரத்தில் நிற்கிறது. குவாதமாலா எல்லையில் இருக்கும் மாநிலம். சோட்சில், செல்தால், சோல், தோஹொலபால் என்று மாயா மொழிகள் பேசும் மக்கள். அங்கே பண்ணைக்குள்ளேயே குடியிருக்கும் பண்ணையாட்கள் தலைமுறை தலைமுறையாகக் கடனில் கட்டுண்டு கிடந்தார்கள். அப்பன் கடன் மகனுக்கு. இன்னொரு பக்கம், பசிபிக் கரையோரத்துக் காப்பித் தோட்டங்களுக்கு உயர்மலைச் சோட்சில்காரர்களை முன்பணம் கொடுத்து ஓட்டிப்போகும் கங்காணிகள். அந்தத் தோட்டங்களில் பல ஜெர்மானியர்களுடையவை.

1914ல் வடக்கிலிருந்து வந்த புரட்சிப் படையின் தளபதி ஒருவர் இந்தக் கடன் அடிமை முறை ஒழிந்தது என்று ஆணை போட்டார். உடனே சியாபாஸ் பண்ணையார்கள் தங்கள் ஆட்களையே திரட்டிப் புரட்சிக்கு எதிராகப் போரில் இறங்கினார்கள். ரக்கூன் படை என்று அதற்குப் பெயர். ஆறு வருஷம் சண்டை போட்டு, 1920ல் மத்தியில் புதிதாக வந்தவர்களோடு சமரசம் பேசி, அந்தப் படையின் தலைவர் திபுர்சியோ பெர்னாந்தெஸ் ரூயிஸ் மாநிலத்தின் ஆளுநராகவே ஆகிவிட்டார். ஆக, நாட்டின் மற்ற இடங்களில் புரட்சி பண்ணையார்களைத் தோற்கடித்தது. சியாபாஸில் பண்ணையார்கள் புரட்சியைத் தோற்கடித்துவிட்டு அதன் பேரிலேயே ஆட்சிக்கு வந்தார்கள். நிலச்சீர்திருத்தத்தை நடத்த வேண்டிய நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தார் என்று இப்போது தெரிந்திருக்கும்.

கார்தெனாஸ் காலத்தில் கொஞ்சம் காற்று மாறியது. எராஸ்தோ உர்பினா என்ற அதிகாரி 1936 வாக்கில் பழங்குடித் தொழிலாளர் சங்கம் ஒன்றை உருவாக்கி, உயர்மலைப் பகுதியில் சில பண்ணைகளைச் சட்ட நுணுக்கம் பார்க்காமல் பிடித்துக் கொடுத்தார். நல்ல காரியம்தான். ஆனால் அந்தச் சங்கத்துக்காக ஸ்பானிஷ் படித்த இளைஞர்கள்தான் பிற்காலத்தில் சாமுலா போன்ற ஊர்களில் கட்சியின் நாட்டாமைகளாக ஆனார்கள். சாராய வியாபாரம், வட்டி, லாரி, ஓட்டு எல்லாம் அவர்கள் கையில். எதிர்த்தவர்களையும் மதம் மாறியவர்களையும் 1974 முதல் ஆயிரக்கணக்கில் ஊரைவிட்டே துரத்தினார்கள். நிலம் மேலிருந்து வந்தால் அதோடு ஒரு புதிய எஜமானும் வந்துவிடுகிறான் என்பதைச் சியாபாஸ் மக்கள் இங்கே கற்றார்கள். பின்னால் ஜபாடிஸ்டாக்கள், அதாவது 1994ன் கிளர்ச்சிக்காரர்கள், அரசிடமிருந்து ஒரு மூட்டை சிமெண்டுகூட வாங்க மாட்டோம் என்று அடம்பிடித்ததைப் பலர் கேலி செய்தார்கள். இந்தப் பின்கதை தெரிந்தால் கேலி செய்யத் தோன்றாது.

சட்டத்திலேயே பெரிய ஓட்டையும் இருந்தது. நீர்ப்பாசன நிலமானால் 100 ஹெக்டேர் வரை கை வைக்க முடியாது. காப்பி போன்ற தோட்டப்பயிரானால் 300. மாட்டுப் பண்ணையா? 500 மாடு மேய எவ்வளவு நிலம் தேவையோ அவ்வளவும் 'சிறு சொத்து'. சியாபாஸ் பண்ணையார்கள் சோளக்காட்டைப் புல்வெளியாக மாற்றினார்கள். மாட்டுக்கு ஆள் அதிகம் தேவையில்லை, எனவே பண்ணையாட்களை வெளியேற்றினார்கள். சட்டத்திலிருந்து தப்பியாயிற்று, கூலி கேட்பவனும் ஒழிந்தான்.

வெளியேறியவர்கள் எங்கே போவார்கள்? கிழக்கே லாகந்தோன் காடு இருந்தது. 1950களிலிருந்து அரசே அங்கே குடியேறச் சொல்லி ஊக்குவித்தது. பண்ணையை உடைப்பதைவிடக் காட்டைக் காட்டிவிடுவது ஆட்சிக்குச் சுலபம். செல்தால், சோல், தோஹொலபால் பண்ணையாட்கள் கத்தியும் சோள விதையுமாகப் போய் மரம் வெட்டி, ஊர் அமைத்து, அதற்கும் எஹீதோ கேட்டு மனு போட்டார்கள்.

அப்புறம் 1972ல் வந்த ஆணை ஒன்றை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. லாகந்தோன் இனத்தைச் சேர்ந்த 66 குடும்பத் தலைவர்களுக்கு 6,14,321 ஹெக்டேர் காட்டை அதிபர் எச்செவெரியா எழுதிக் கொடுத்தார். பழங்குடிக்கு நிலம் கொடுத்தோம் என்று பெருமை. அந்தப் பரப்புக்குள் ஏற்கெனவே ஆயிரக்கணக்கான செல்தால், சோல் குடும்பங்கள் இருந்தன. ஒரே இரவில் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகளானார்கள். மரம் யாருக்குப் போனது என்றால், 66 குடும்பங்களோடு ஒப்பந்தம் போட்ட அரசு நிறுவனத்துக்கு. 1978ல் அதே காட்டின் ஒரு பெரும் பகுதியை மோந்தெஸ் அசூலெஸ் உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தார்கள். பழங்குடியின் பேரிலேயே இன்னொரு பழங்குடியை வெளியேற்றலாம், அதற்குச் சுற்றுச்சூழல் கையெழுத்தும் வாங்கலாம்.

இந்த ஆணையை எதிர்த்துத்தான் காட்டு ஊர்கள் முதன்முறையாக ஒன்றுகூடின. 1974 அக்டோபரில் சான் கிறிஸ்டோபல் நகரில் ஆயர் சாமுவேல் ரூயிஸின் ஏற்பாட்டில் பழங்குடி மாநாடு நடந்தது. நான்கு மொழிக்காரர்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்து நிலம், வியாபாரம், கல்வி, சுகாதாரம் பற்றிப் பேசினார்கள். அதிலிருந்து எஹீதோக்களின் ஒன்றியங்கள் வளர்ந்தன. வடக்கிலிருந்து மாவோவாதிகள் வந்தார்கள். 1983 நவம்பர் 17 அன்று ஒரு சிறு கெரில்லாக் குழுவும் காட்டுக்குள் முகாம் போட்டது. அதுவே ஜபாடிஸ்டா தேசிய விடுதலைப் படையின் பிறந்தநாள். பல ஆண்டுகள் அவர்களை யாரும் பெரிதாகச் சட்டை செய்யவில்லை. ஊர்க்காரர்களுக்கு அவர்கள் பண்ணையாரின் அடியாட்களிடமிருந்து தற்காப்புக்குக் கிடைத்த ஆட்கள், அவ்வளவுதான்.

தற்காப்பு எதற்கு என்றால், 1980ல் சிதாலா வட்டாரத்தில் வோலோன்சான் என்ற இடத்தில் பண்ணை நிலத்தில் புகுந்த செல்தால் விவசாயிகளை ராணுவமும் அடியாட்களும் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அங்கே படைத்தலைவராக இருந்த ஜெனரல் அப்சலோன் காஸ்தெயானோஸ், பண்ணைக் குடும்பத்துக்காரர். இரண்டு வருஷம் கழித்து அவரே மாநில ஆளுநர். இந்தப் பெயர் மறுபடி வரும்.

இப்போது அந்த வாரிசு விதிக்கு வருவோம். காட்டில் 1950, 60களில் ஊர் அமைத்தவர்களுக்கு ஆறு, ஏழு பிள்ளைகள். உரிமை ஒருவனுக்கு. மற்றவர்கள் 'விரிவாக்கம்' கேட்டு மனு போட வேண்டும். 1980களில் அந்த இரண்டாம் தலைமுறை இருபது வயதைத் தொட்டது. காடோ காப்பகமாகிவிட்டது, பண்ணையோ மாட்டுக் கோட்டையாகிவிட்டது. நாடு முழுக்கத் தீர்க்கப்படாமல் தேங்கிக் கிடந்த நில மனுக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சியாபாஸிலிருந்து போனவை. ஜபாடிஸ்டா படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் பண்ணையாட்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. காட்டுப் பள்ளத்தாக்குகளில் சேர்ந்தவர்கள் இந்த எஹீதோ வீட்டுப் பிள்ளைகள்தான். அப்பனுக்கு நிலம் கிடைத்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். தனக்குக் கிடைக்காது என்று தெரிந்துகொண்டவர்கள்.

காப்பி ஒன்றுதான் காசு தந்தது. 1989 ஜூலையில் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீடு முறிந்து விலை பாதாளத்துக்குப் போனது. அதே சமயத்தில் காப்பி வாங்கிக்கொண்டிருந்த அரசு நிறுவனத்தையும் அதிபர் சாலினாஸின் அரசு கைகழுவியது. அப்புறம் 1992 ஜனவரியில் 27வது பிரிவையே திருத்தினார்கள். இனி நிலப் பகிர்வு கிடையாது. எஹீதோ நிலத்தை அளந்து தனித்தனிச் சான்றிதழ் தரலாம், குத்தகைக்கு விடலாம், சபை ஒப்புக்கொண்டால் தனிச்சொத்தாக மாற்றி விற்கவும் செய்யலாம். அமெரிக்காவோடும் கனடாவோடும் போடப்போகும் வணிக ஒப்பந்தத்துக்கு முன்னால் முதலீட்டாளர்களுக்கு நிலச் சந்தை வேண்டும் என்பது வாதம். அந்த ஒப்பந்தம் சோளத்தின் இறக்குமதி வரியை 15 ஆண்டுகளில் படிப்படியாக நீக்கும் என்றும் சொன்னது.

நியாயமாகச் சொன்னால், பலர் அஞ்சியதுபோல் திருத்தம் எஹீதோவை ஒழித்துவிடவில்லை. நாடு முழுக்க ஊர்கள் சான்றிதழ் வாங்கிக்கொண்டன, ஆனால் தனிச்சொத்தாக மாற்றி விற்றவை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. பொருளாதாரமாகப் பார்த்தால் அது பெரிய வெடிகுண்டு அல்ல. அரசியலாகப் பார்த்தால் வெடிகுண்டுதான். சியாபாஸில் ஐம்பது வருஷக் கோப்புகளுக்கு ஒரே நாளில் பொருளில்லாமல் போனது. ஊர் ஊராகச் சபை கூடி, போர் வேண்டுமா என்று விவாதித்தது அதற்குப் பிறகுதான். 1992 அக்டோபர் 12 அன்று சான் கிறிஸ்டோபலில் ஊர்வலம் போனவர்கள் நகரை நிறுவிய ஸ்பானியத் தளபதி மஸாரியேகோஸின் சிலையைக் கீழே தள்ளினார்கள்.

1994 ஜனவரி 1, வணிக ஒப்பந்தம் அமலுக்கு வந்த அதே நாள். சான் கிறிஸ்டோபல், ஓகோசிங்கோ, லாஸ் மர்காரித்தாஸ், அல்தமிரானோ உள்ளிட்ட நகரங்களில் முகமூடி அணிந்த படை புகுந்தது. சிலர் கையில் மரக்கட்டையில் செதுக்கிய துப்பாக்கி. ஓகோசிங்கோ சந்தையில் நடந்த சண்டை கொடூரமானது. பன்னிரண்டாம் நாள், தலைநகரில் மக்கள் திரண்டு நிறுத்தச் சொன்ன அழுத்தத்தில், சாலினாஸ் போர்நிறுத்தம் அறிவித்தார்.

மற்றதெல்லாம் உலகப் பத்திரிகைகளில் வந்தாயிற்று. கிளர்ச்சிக்காரர்களின் செய்தித்தொடர்பாளர் துணைத்தளபதி மார்கோஸின் புகைக்குழாய் வரை. நிலத்தோடு தொடர்புடைய காட்சி வேறொன்று. கிளர்ச்சிக்காரர்கள் முன்னாள் ஆளுநர் காஸ்தெயானோஸை அவருடைய பண்ணையிலேயே பிடித்தார்கள். மக்கள் நீதிமன்றம் அவருக்கு ஒரு பழங்குடி ஊரில் ஆயுள் முழுவதும் உடலுழைப்பு செய்து பிழைக்கும் தண்டனை விதித்தது. பிறகு அதைக் குறைத்து, யாருக்குக் கொடுமை செய்தாரோ அவர்களுடைய மன்னிப்பைச் சுமந்துகொண்டு வாழட்டும் என்று பிப்ரவரி 16 அன்று விடுவித்தார்கள்.

சரி, நிலம் கிடைத்ததா? கிடைத்தது. 1994லும் 95லும் பண்ணையார்கள் நகரங்களுக்கு ஓட, அவர்களுடைய மேய்ச்சல் நிலங்களில் மக்கள் புகுந்தார்கள். ஜபாடிஸ்டாக்களின் புரட்சி நிலச் சட்டம், நல்ல நிலமானால் 50 ஹெக்டேருக்கு மேலும் மோசமான நிலமானால் 100க்கு மேலும் இருப்பதை எடுத்துக் கூட்டுச் சொத்தாகக் கொடுக்கச் சொன்னது. ஆனால் பிடித்தவர்கள் அவர்கள் மட்டுமில்லை. போட்டி விவசாயச் சங்கங்கள், ஆளும் கட்சி ஆட்கள்கூட இதுதான் சமயம் என்று புகுந்தார்கள். 'இனிப் பகிர்வு இல்லை' என்று சட்டம் எழுதிய அதே அரசு, பண்ணையார்களுக்குப் பணம் கொடுத்து 2 லட்சம் ஹெக்டேருக்கு மேல் வாங்கிச் சங்கங்களுக்குக் கொடுக்க வேண்டிவந்தது. மனுவுக்குக் கிடைக்காததைத் துப்பாக்கி பெற்றுத் தந்தது, பெரும்பாலும் துப்பாக்கி தூக்காதவர்களுக்கு.

அந்தத் தாராளத்துக்குள் கணக்கு இருந்தது. ஜபாடிஸ்டாக்கள் உழுதுகொண்டிருந்த சில நிலங்களுக்கே காகிதம் வேறு சங்கத்தின் பேரில் போனது. அதன்பிறகு சண்டை பண்ணையாருக்கும் விவசாயிக்கும் நடுவில் இல்லை, பக்கத்து ஊர்க்காரனோடு. 1997 டிசம்பர் 22 அன்று ஆக்தியாலில் பிரார்த்தனையில் இருந்த 45 பேரைக் கொன்ற துணைப்படையும் சுற்றுவட்டார சோட்சில்காரர்கள்தான். 2020 ஆகஸ்டில் ஓகோசிங்கோ அருகே ஜபாடிஸ்டாக்களின் காப்பிக் கிடங்குகளைக் கொளுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டது ஒரு காப்பி விவசாயிகள் சங்கம்.

1996 பிப்ரவரியில் சான் ஆந்த்ரேஸ் ஊரில் அரசோடு கையெழுத்தான ஒப்பந்தம் பழங்குடி உரிமை, சுயாட்சி பற்றியது. நிலம் அடுத்த கட்டங்களுக்குத் தள்ளப்பட்டது. அந்தக் கட்டங்கள் வரவேயில்லை. 2001ல் மெக்சிகோ நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் ஒப்பந்தத்தை நீர்த்துப்போகச் செய்தது. அதன்பின் ஜபாடிஸ்டாக்கள் அரசிடம் கேட்பதை விட்டு, 2003ல் தங்கள் சொந்த நல்லாட்சிக் குழுக்களை அமைத்துக்கொண்டார்கள்.

பெண்களைப் பற்றி யாராவது கேட்பீர்கள். 1971ன் சட்டமே எஹீதோவில் பெண்ணுக்குச் சம உரிமை என்றது, ஆனால் ஊர்ச் சபைப் பட்டியலில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள். ஜபாடிஸ்டாக்களின் புகழ்பெற்ற பெண்கள் சட்டம் கல்யாணம், பிள்ளைப்பேறு, தலைமைப் பதவி பற்றியெல்லாம் துணிந்து பேசுகிறது. பெண் பேரில் வயல் என்று மட்டும் வெளிப்படையாகச் சொல்லவில்லை.

இன்றைய நிலை: அப்போதைய அதிபர் லோபெஸ் ஒப்ரதோரின் அரசு 2019ல் மரம் நடும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 2.5 ஹெக்டேர் நிலம் காட்டினால் மாதச் சம்பளம். காகிதம் இல்லாத நிலம் காட்டினால் செல்லாது. முப்பது வருஷம் சும்மா கிடந்த பழைய காகிதங்கள் இதனால் உயிர்பெற்றன, ஜபாடிஸ்டா நிலத்தின் மீதான உரசலும் கூடியது. ஜபாடிஸ்டாக்கள் 2023 இறுதியில் கொடுத்த பதில் எதிர்த்திசையில் போகிறது. தாங்களே நடத்திவந்த தன்னாட்சி நகராட்சிகளைக் கலைத்துவிட்டு, பிடித்த நிலத்தில் ஒரு பகுதியை யாருக்கும் சொந்தமில்லாத பொது நிலமாக்கி, ஜபாடிஸ்டா அல்லாத கட்சிக்காரர் ஊர்களும் வந்து முறைவைத்து உழலாம் என்று அறிவித்தார்கள். அரசின் காகிதம் எதுவும் அதற்கு இருக்காது என்பது நிபந்தனை. பக்கத்து ஊரில் சான்றிதழும் மாதச் சம்பளமும் கையில் வைத்திருப்பவர் அந்த வயலுக்கு வருவாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் நிலமில்லாத மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் அந்த ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது மனு போடுவதற்குப் பதில் அமெரிக்க எல்லைக்கு நடக்கிறார்கள்.